பூமணம் ஏற்றிய சீனி: ஈரக் காற்று நிறைந்த மலையகத்தில் செய்வது எப்படி?

மலைச்சாரல் (தலவாக்கலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டிகளைக் கொடுக்காமல், வீட்டுத் தோட்டத்துப் பூக்களின் மணம் ஏற்றிய சீனியைச் சிறிய கண்ணாடிப் போத்தல்களில் அடைத்துக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். அதே சீனியைப் பட்டர் கேக்கிலும் பிஸ்கட்டிலும் சேர்க்க முடியுமென்றால் இன்னும் நல்லது.

எங்கள் முற்றத்தில் அம்மா வளர்க்கும் பன்னீர் ரோஜா இருக்கிறது. வேலியோரத்தில் ஒரு தேசி மரம் நிற்கிறது. நுவரெலியாவில் வாங்கிய லவெண்டர் தொட்டியும் உண்டு. படலையருகே ஹைட்ரேஞ்சியா நீலமும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கிறது. அதன் இதழ்களைச் சீனியில் கலந்தால் போத்தல் பார்க்க அழகாக இருக்கும் என்று தோன்றுகிறது. மாமி வீடு பதுளையில் இருப்பதால் மல்லிகையும் சங்குப்பூவும் கேட்டால் கிடைக்கும்.

என் தயக்கமெல்லாம் ஈரத்தைப் பற்றியது. இணையத்தில் காணும் செய்முறைகள் பெரும்பாலும் வறண்ட காற்றுள்ள நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. பூவையும் சீனியையும் ஒரு போத்தலில் போட்டு மூடி வைத்தால் போதும் என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை பிடித்துக்கொண்டால், மூடி இறுகாத டப்பாவில் இருக்கும் வெறும் சீனியே கசிந்து கட்டியாகிவிடும். அதற்குள் ஈரமான இதழ்களையும் போட்டால் பாகாகிப் பூஞ்சணம் பிடித்துவிடாதா? புதிய பூவை எடுப்பதா, காய்ந்த பூவை எடுப்பதா, காயவைப்பதென்றால் வெயில் முகம் காட்டாத ஊரில் எங்கே காயவைப்பது, எந்தப் பூவைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


பழைய டீமேக்கர் (ஹட்டன்) எழுதியது:

வணக்கம் மகள். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேக் வேலை அறிந்தவர்கள் அதைப் பற்றிப் பிறகு எழுதுவார்கள். ஈரத்தையும் மணத்தையும் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் தொழில் முழுவதும் அந்த இரண்டையும் ஆள்வதுதான்.

பறித்து வந்த கொழுந்தின் எடையில் 75 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். அதை வாட்டி, அரைத்து, நிறம் மாறவிட்டு, அடுப்பில் காயவைத்து ஏறத்தாழ 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேயிலை கெடாமல் நிற்கிறது. ரோஜா இதழிலும் தண்ணீரின் பங்கு கொழுந்துக்குக் குறைந்ததல்ல. ஆகவே 100 கிராம் புதிய இதழைச் சீனிக்குள் புதைத்து மூடுவதென்பது, ஏறத்தாழ 80 கிராம் தண்ணீரை அதற்குள் ஊற்றி மூடுவதாகும். சீனி அந்த நீரை இதழிலிருந்து இழுத்தெடுக்கும், இதழ் துவண்டு கறுக்கும், சீனி அடியில் பாகாகித் தேங்கும். சீனியின் செறிவு குறைந்த இடத்தில் நுரைமமும் (ஈஸ்ட்) பூஞ்சணமும் வளர இடம் கிடைத்துவிடும். உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது.

இரண்டாவது எதிரி காற்று. தூய வெள்ளைச் சீனி, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 85 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உதிரியாக நிற்கும். அந்த எல்லையைத் தாண்டினால் காற்றிலுள்ள நீராவியைத் தானாகவே இழுத்து மேற்பரப்பில் கரையத் தொடங்கும். மறுநாள் காற்று சற்று வறண்டதும், கரைந்த அந்தப் படலம் மீண்டும் படிகமாகி மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். டப்பாவில் நீங்கள் காணும் கட்டி அப்படித்தான் உண்டாகிறது. மூடுபனி முற்றத்தில் இறங்கி நிற்கும் நாளில் நம் வீட்டுக்குள் இருக்கும் காற்றும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கும். எனவே சீனியைத் திறந்து கையாளும் வேலை எதுவானாலும், காலை பத்து மணிக்குப் பிறகு பனி விலகிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, யன்னல்களைச் சாத்தி, அடுப்பெரிந்து சூடாக இருக்கும் அறையில் செய்யுங்கள். போத்தல்களைக் கழுவித் துடைத்தால் மட்டும் போதாது. குறைந்த சூட்டில் அவனில் (கேக் சுடும் அடுப்பில்) வைத்து உலர்த்தி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் நிரப்பி, உடனே மூட வேண்டும்.

என் கருத்து, இதழ்களை முழுமையாகக் காயவைத்த பிறகே சீனியில் சேர்க்க வேண்டும் என்பதாகும். பனித்துளி காய்ந்த பின், வெயில் ஏறுமுன் பறியுங்கள். ஒரு வெள்ளைத் துணியில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி பரப்பி, காற்றோட்டமான நிழலில் முதல் நாள் வாடவிடுங்கள். வாடியதை அவனில் 40 முதல் 50 பாகை செல்சியஸ் சூட்டில், கதவை ஒரு கரண்டிக் காம்பு நுழையும் அளவுக்குத் திறந்து வைத்துக் காயவையுங்கள். கதவை முழுதாக மூடினால் வெளியேறும் நீராவி உள்ளேயே நின்று இதழை அவித்துவிடும். இரு விரல்களுக்கிடையில் எடுத்து நசுக்கும்போது சத்தத்துடன் நொறுங்கினால் காய்ந்துவிட்டது என்று அறியலாம். வளைந்து கொடுத்தால் ஈரம் மீதி இருக்கிறது. நேரடி வெயில் நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். விறகடுப்பின் மேலே தட்டில் வைத்துக் காயவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்த வேலைக்கு அது கூடவே கூடாது. புகை மணம் ஒருமுறை இதழில் ஏறினால் பிறகு எதைச் செய்தாலும் இறங்காது. தேயிலை பொதி செய்யும் அறைக்குள் சவர்க்காரத்தையும் மண்ணெண்ணெயையும் நாங்கள் அனுமதிக்காததற்கும் இதே காரணம்தான். சீனி தேயிலை அளவுக்கு வாசனையை இழுப்பதில்லை என்றாலும், உங்கள் போத்தல்களைக் கருவாடும் மிளகாய்த்தூளும் இருக்கும் தட்டில் வைக்காதீர்கள்.


பண்டாரவளை அடுப்படி எழுதியது:

தங்கச்சி, ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஈரத்தைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. ரோஜாவைப் பொறுத்தவரை மட்டும் அவருடன் பணிவாக மாறுபடுகிறேன். காய்ந்த ரோஜா இதழில் மிஞ்சும் மணம் மெல்லியது; கேக்கில் போட்டால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதிய இதழைச் சீனியோடு சேர்த்து அரைத்து, அந்தக் கலவையை அதன் பிறகு உலர்த்தினால், இதழ் காயும்போது காற்றோடு போயிருக்க வேண்டிய மணத்தில் ஒரு பங்கு சீனியிலேயே தங்கிவிடும். நிறமும் அழகாக இருக்கும்.

நான் செய்யும் முறை இதுதான். 250 கிராம் வெள்ளைச் சீனிக்கு 40 முதல் 50 கிராம் வரை பன்னீர் ரோஜா இதழ் எடுப்பேன். ஒவ்வொரு இதழின் அடியிலும் வெளிறிய ஒரு முனை இருக்கும், அது கசக்கும். பூவை முழுதாக ஒரு கையில் பிடித்துக்கொண்டு இதழ்களை ஒன்றாகத் திரட்டி இழுத்து, அடிப்பகுதியைக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டில் நீக்கிவிடலாம். இதழ்களில் பூச்சி இல்லாதபடி உதறிப் பார்த்து, கழுவியே ஆக வேண்டுமென்றால் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, துணியில் ஒற்றி, மேற்பரப்பு நீர் முற்றாகப் போகும்வரை விரித்து வையுங்கள். பிறகு சீனியில் பாதியையும் இதழ்களையும் கிரைண்டரில் விட்டுவிட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி இளகிவிடும். ஈரமான இளஞ்சிவப்பு மணல் கிடைக்கும். மீதிச் சீனியை அதில் கையால் பிசிறி, எண்ணெய்த்தாள் விரித்த தட்டில் மெல்லிய படையாகப் பரப்பி, அவனின் மிகக் குறைந்த சூட்டில், ஐயா சொன்னபடி கதவை ஒருக்களித்து வைத்து, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை முள்ளுக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். முதலில் தட்டோடு ஒட்டும், பிறகு சிறு சிறு கட்டிகளாக உருளும், கடைசியில் கரண்டி படும்போது உலர்ந்த சரசரப்பு கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் வெளியே எடுத்து, ஆறியவுடன் மீண்டும் ஒரு சுற்று அரைத்து, அரிதட்டில் சலித்தால் வேலை முடிந்தது. அவனில் 60 பாகைக்கு மேல் போக வேண்டாம். மணம் ஆவியாகிவிடும், இதழும் பழுப்பாகும்.

லவெண்டருக்கு ஐயாவின் முறைதான் சிறந்தது. அதன் மணம் மொட்டுகளின் எண்ணெயில் இருப்பதால் காய்ந்த பிறகும் நிலைக்கும். 250 கிராம் சீனிக்கு இரண்டு தேக்கரண்டி காய்ந்த மொட்டு போதும். அதற்கு மேலே போனால் கேக் சவர்க்காரம் போல மணக்கத் தொடங்கும். உங்கள் தொட்டியில் உள்ள செடியின் இலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இலையின் விளிம்பில் சிறு சிறு பற்கள் இருந்தால் அது கற்பூர வாசம் மிகுந்த இனம். அலமாரியில் துணிகளுக்கிடையே வைக்க அது பொருந்தும், சமையலுக்குப் பொருந்தாது. பற்களில்லாத, ஒடுங்கிய, சாம்பல் பச்சை இலையுள்ள இனமே சீனிக்கு ஏற்றது. ஒன்றிரண்டு வாரம் மூடி வைத்து, இடையிடையே போத்தலைக் குலுக்கி, பிறகு மொட்டுகளைச் சலித்து எடுத்துவிடுங்கள்.

சீனியைப் பற்றியும் ஒரு சொல். பெல்வத்தை, செவனகலை ஆலைகளின் சிவப்புச் சீனி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் அதில் தங்கியிருக்கும் பாகின் மணம் ரோஜாவையும் மல்லிகையையும் மூடிவிடும், ஈரத்தையும் அது எளிதில் இழுக்கும். மென்மையான பூக்களுக்கு வெள்ளைச் சீனியே வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். உங்கள் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை எங்கள் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். நத்தார் நெருங்கும்போது எங்களுக்கு வடகீழ் மழை. உங்கள் பகுதியில் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களே இந்த வேலைக்கு மிக உகந்தவை. காயவைக்கக்கூடிய பூக்களை அந்தந்தக் காலத்தில் காயவைத்து, இறுக மூடிய போத்தலில் இருட்டான இடத்தில் பத்திரப்படுத்திவிட்டால், சீனியில் சேர்ப்பதை டிசெம்பரில் செய்துகொள்ளலாம். மழைக்காலத்தில் பூவைக் காயவைக்கப் போராடுவதைவிட இது எவ்வளவோ எளிது.


பதுளைத் தோட்டம் எழுதியது:

மல்லிகை பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். ரோஜாவுக்குச் சொன்ன எந்த முறையும் மல்லிகைக்குப் பொருந்தாது. மல்லிகையை அரைத்தால் பச்சை வாடையும் கசப்பும் வரும். காயவைத்தால் பழுப்பு நிறச் சருகு மிஞ்சும், மணம் மிஞ்சாது. அதன் மணம் மொட்டுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருப்பதில்லை. இரவில் இதழ் விரியும்போது உண்டாகி உண்டாகி வெளியேறுகிறது. செடியிலிருந்து பறித்த பின்பும் சில மணி நேரம் அது தொடர்ந்து நடக்கும். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் மல்லிகைத் தேநீர் செய்பவர்கள் இந்த இயல்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். மாலையில் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைத்து, இரவெல்லாம் மணத்தை ஏற்றி, காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, தேயிலையை மீண்டும் உலர்த்தி, நல்ல தரத்துக்கு இதைப் பல இரவுகள் திரும்பத் திரும்பச் செய்வார்கள். நம் ஹட்டன் ஐயா இதை நன்கு அறிந்திருப்பார்.

சீனிக்கும் அதையே செய்யுங்கள். அன்று இரவு விரியப்போகும் பருத்த வெள்ளை மொட்டுகளை மாலையில் பறியுங்கள். அகன்ற ஒரு பீங்கான் தட்டில் சீனியை ஒரு விரல் தடிப்புக்குப் பரப்பி, மேலே மெல்லிய மஸ்லின் துணியை விரித்து, காம்பை நீக்கிய மொட்டுகளைத் துணியின்மேல் நெருக்கமாக வைத்து, இன்னொரு தட்டால் கவிழ்த்து மூடுங்கள். துணி இருப்பதால் பூவின் ஈரம் நேரடியாகச் சீனியில் படாது, காலையில் பூவை ஒரே தூக்கில் எடுத்துவிடவும் முடியும். விடிந்ததும் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும். வாடி ஓரம் பழுக்கத் தொடங்கிய மல்லிகை, இரவு கொடுத்த மணத்தைத் தன் கெட்ட வாடையால் மூடிவிடும். பகலில் சீனியை வறண்ட அறையில் சற்றுநேரம் கிளறி ஆறவிட்டு, மாலையில் புதிய மொட்டுகளை வையுங்கள். மூன்று நான்கு இரவுகளில் மூடியைத் திறந்ததுமே மணம் எழும் அளவுக்கு ஏறிவிடும். சீனி எண்ணெயைப் போலவோ தேயிலையைப் போலவோ மணத்தை ஆழமாகப் பிடித்து வைப்பதில்லை என்பதால், இதைச் செய்த சில வாரங்களுக்குள் பயன்படுத்துவது நல்லது. பரிசாகக் கொடுப்பதென்றால் கொடுக்கும் வாரத்தில் செய்யுங்கள்.

உங்கள் தேசிப் பூவுக்கும் இதே துணி முறைதான். காயாகப்போகும் பூக்களைப் பறித்துவிடாமல், மரத்தடியில் துணி விரித்து, அன்று காலை உதிர்ந்த வெள்ளை இதழ்களை மட்டும் சேருங்கள்.

கோப்பிப் பூவையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1869 இல் இலைத்துரு நோய் தென்படும்வரை இந்த மலைகளின் செல்வமே கோப்பியாகத்தான் இருந்தது. இன்றும் எங்கள் பக்கத்து வீடுகளின் பின்புறத்தில் நாலைந்து செடிகளாவது நிற்கும். வறட்சிக்குப் பின் ஒரு நல்ல மழை பெய்து ஒரு வாரம் பத்து நாள் கழிந்தால் கிளை முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகைக்கு நெருங்கிய மணத்தோடு இரண்டு மூன்று நாட்களில் உதிர்ந்துவிடும். இரண்டாம் நாள் காலையில் கிளையை மெதுவாகத் தட்டினால் துணியில் விழும் பூக்கள் சீனிக்குப் போதும், காய்ப்பும் கெடாது. அந்த மணம் வேறெந்தப் பூவிலும் இல்லை. மலையகத்திலிருந்து கொடுக்கும் பரிசுக்கு அதைவிடப் பொருத்தமான பூவை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.


விஞ்ஞான ஆசிரியை (நுவரெலியா) எழுதியது:

முதலில் அவசரமான செய்தி. தங்கை, ஹைட்ரேஞ்சியாவைச் சீனியில் சேர்க்காதீர்கள், அழகுக்காகக்கூட. அந்தச் செடியில் சயனைட்டை வெளியிடக்கூடிய சேர்மங்கள் உள்ளன. பரிசுப் போத்தலுக்குள் ஒரு பூ இருந்தால், பெறுபவர் அதை உண்ணத்தக்கது என்றே எடுத்துக்கொள்வார். மேலே வைத்துக் கட்டுவதற்கும் வேண்டாம்.

நம் மலைநாட்டில் கண்ணைக் கவரும் பூக்களில் நஞ்சுள்ளவை ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஓடைக்கரைகளிலும் வேலிகளிலும் வெள்ளையாகவும் செம்மஞ்சளாகவும் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காளப் பூக்கள் ஊமத்தையின் உறவுச் செடிகள். மாலையில் இனிமையாக மணக்கும். அவற்றில் உள்ள அல்கலொயிட்டுகள் மனக்குழப்பத்தையும் உயிராபத்தையும் விளைவிக்கும். பங்களாத் தோட்டங்களில் நீண்ட மணிகளாகப் பூக்கும் ஃபொக்ஸ்குளோவ் இதயத்தைத் தாக்கும். அலரி, மஞ்சள் அலரி, அசேலியா, ஆரம் லில்லி, உன்னிப்பூ, நந்தியாவட்டை எதுவுமே வேண்டாம். பெயரை ஐயமின்றி அறிந்த பூவை மட்டும், அது உண்ணத்தக்கது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மட்டும் எடுங்கள். ரோஜா, மல்லிகை, லவெண்டர், தேசி, தோடை, செவ்வரத்தை, சங்குப்பூ, கலண்டுலா, பான்சி, நஸ்டேர்ஷியம் ஆகியவை இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் குளிரில் மல்லிகை சரியாகப் பூக்காது. அதற்குப் பதிலாக, ரோஜா மணமுள்ள ஜெரேனிய இலைகளை ஈரமின்றித் துடைத்துச் சீனிக்கிடையே அடுக்கி ஒரு வாரம் வைத்தால் அருமையான மணம் கிடைக்கும். ஹோர்ட்டன் சமவெளியின் சிவப்பு ரொடடென்ட்ரன் பூவை யாராவது பரிந்துரைத்தால் கேட்க வேண்டாம். அது 1988 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே ஒரு பூவைக்கூடப் பறிக்க அனுமதி இல்லை.

நல்ல பூவும் மருந்தடித்த இடத்தில் பூத்திருந்தால் பயனில்லை. பூக்கடையிலும் கோயில் வாசலிலும் விற்கும் ரோஜா உண்பதற்காக வளர்க்கப்பட்டதல்ல. சில பீடைநாசினிகள் செடியின் சாற்றோடு கலந்து இதழுக்குள்ளேயே இருப்பதால் கழுவினாலும் போகாது. உங்கள் முற்றம் தேயிலை மலையை ஒட்டியிருந்தால், மலைக்கு மருந்தடிக்கும் நாட்களைக் கேட்டறிந்து, காற்றில் தூவல் வந்து படியக்கூடிய வேலிப்பக்கப் பூக்களை விட்டுவிடுங்கள். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பதால் செவ்வரத்தை போன்ற பூக்களின் நடுத்தண்டையும் மகரந்தப் பைகளையும் நீக்கி, இதழை மட்டும் எடுக்க வேண்டும்.


மலைச்சாரல் (தலவாக்கலை) எழுதியது:

ஐயாவுக்கும் அக்காமாருக்கும் மனமார்ந்த நன்றி. ஹைட்ரேஞ்சியாவை இன்றே எண்ணத்திலிருந்து நீக்கிவிட்டேன். கோப்பிப் பூ பற்றி அறிந்தது பெரிய மகிழ்ச்சி, மாமியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சங்குப்பூவை அரைத்துச் செய்த நீலச் சீனியைக் கேக்கில் போட்டால் நீலம் நிற்குமா? கேக் வேகும் சூட்டில் ரோஜா மணம் தாங்குமா, அல்லது இந்தச் சீனியை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டுமா?


விஞ்ஞான ஆசிரியை (நுவரெலியா) எழுதியது:

நீலம் நிற்காது. சங்குப்பூ, ரோஜா, செவ்வரத்தை ஆகியவற்றின் நிறம் அந்தோசயனின் என்னும் சேர்மங்களால் வருகிறது. அமிலம் பட்டால் அவை சிவப்புப் பக்கமும், காரம் பட்டால் நீலம், பச்சைப் பக்கமும் நகரும். சங்குப்பூ நீரில் தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாவது அதனால்தான். பேக்கிங் சோடா சேர்ந்த மாவில் ரோஜாச் சீனியின் இளஞ்சிவப்பு சாம்பல் நிறமாக மங்கும். வேகும் சூடும், மஞ்சள் கருவின் நிறமும் மிச்சத்தைக் கெடுக்கும். நிறம் வேண்டுமானால் சுட்ட பின் மேலே தூவுங்கள். தேசிச்சாறு சில துளிகள் சேர்த்த ஐசிங்கில் ரோஜாச் சீனியைத் தூவினால் இளஞ்சிவப்பு இன்னும் துலங்கும்.


பண்டாரவளை அடுப்படி எழுதியது:

மணத்துக்கும் ஏறத்தாழ அதே பதில்தான் தங்கச்சி, ஆனால் ஒரு வழி இருக்கிறது. பூமணம் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகத் தங்கும். பட்டர் கேக்குக்கு 250 கிராம் பட்டர், அதே அளவு சீனி, அதே அளவு மா என்று எடுப்பது நம் வழக்கம். அந்தச் சீனி முழுவதையும் ரோஜாச் சீனியாக எடுத்து, பட்டரோடு நுரைக்க அடித்த பிறகு உடனே முட்டையைச் சேர்க்காமல், மூடி அரை மணித்தியாலம் வையுங்கள். மணம் பட்டருக்குள் இறங்கும். அப்படிச் செய்தாலும் ஒரு மணித்தியாலம் அவனில் இருக்கும் கேக்கில் ஒரு பகுதி போகத்தான் செய்யும். ஆகவே நாலு மேசைக்கரண்டி சீனியை ஒதுக்கி வைத்து, கேக் வெளியே வந்து இளஞ்சூடாக இருக்கும்போது மேலே தூவுங்கள். மல்லிகை, தேசி, கோப்பிப் பூச் சீனிகளை அவனுக்குள் அனுப்பவே வேண்டாம். அவை அடித்த கிரீமுக்கும், புட்டிங்குக்கும், பால் கலக்காத தேநீருக்கும் உரியவை. லவெண்டர் சூட்டைத் தாங்கும். இருபது நிமிடத்தில் வெந்துவிடும் ஷோர்ட்பிரெட் பிஸ்கட்டில் அது மிக நன்றாக இருக்கும். லவ் கேக் செய்பவர்கள் பன்னீர் சேர்ப்பதுண்டு. அதில் பாதிச் சீனியை ரோஜாச் சீனியாக மாற்றினால், பன்னீரை ஒரு தேக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஏலக்காயும் சாதிக்காயும் தெரியாமல் போகும்.

பரிசுப் போத்தலுக்கு வாயகன்ற, மூடிக்குள் இரப்பர் வளையம் உள்ள கண்ணாடியே நல்லது. நிரப்பியதும் இளக்கமாகக் குலுக்கிப் பாருங்கள். சீனி தங்குதடையின்றி உருள வேண்டும். உருளாமல் நகர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி தட்டில் பரப்பி உலர்த்துங்கள். கொழும்புக்கு அனுப்பும் போத்தல்களில், உணவுக்கென்று விற்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றை மூடிக்கடியில் ஒட்டிவிடலாம். சீட்டில் பூவின் பெயர், செய்த திகதி, எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை எழுதுங்கள். ரோஜாவுக்கும் லவெண்டருக்கும் ஆறு மாதத்துக்குள் என்றும், மல்லிகைக்கும் கோப்பிப் பூவுக்கும் ஒரு மாதத்துக்குள் என்றும் குறிப்பிடுங்கள். அதற்குப் பிறகும் சீனி கெடாது, மணம்தான் குறைந்துபோகும்.


பழைய டீமேக்கர் (ஹட்டன்) எழுதியது:

பண்டாரவளைத் தங்கை சொன்ன புதிய இதழ் முறையை என் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அரைத்த பின் உலர்த்துவதென்றால் இதழ் திறந்த காற்றில் கிடக்கும் நேரம் குறைகிறது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. மகள், ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: அவனில் இருந்து எடுத்த சீனியை முற்றாக ஆறுமுன் போத்தலில் அடைத்தால், உள்ளே நிற்கும் வெதுவெதுப்பான ஈரம் இரவுக் குளிரில் கண்ணாடியில் துளியாகப் படியும். தலவாக்கலை இரவுக்கு அது நிச்சயம். வெப்பம் தணியும்வரை எண்ணெய்த்தாளால் மூடி வறண்ட அறையில் வைத்திருந்து, பிறகு அடையுங்கள். மறுநாள் காலையில் போத்தலின் உட்புறத்தைப் பார்த்து, மூடிக்குக் கீழே துளி எதுவும் இல்லையென்றால் நாடாவைக் கட்டிவிடலாம்.